சிந்திய எண்ணெயும் துடைத்த செலவும்

கடலில் எண்ணெய் கொட்டிவிட்டால் அதனை எந்தப் பொருளைக் கொண்டு எடுப்பது, அதற்கு என்ன செலவாகும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி. "கடல் எங்கே, காரைக்குடி எங்கே? சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். தொண்டிக் கடற்கரை நமக்கு ஒரு பகலில் போய்வரக்கூடிய தொலைவுதான். அதுவன்றியும், இந்தச் செய்திக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. இது கணக்கைப் பற்றிய சரித்திரம்; கணக்கு என்றால் செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குப் பேச உரிமையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

என் இளமையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். கார்த்திகைத் திருநாளுக்கு முதல் நாள், விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் கை தவறி, நல்லெண்ணெய்த் தூக்கு கவிழ்ந்துவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முழுவதும் எண்ணெய் ஓடிற்று. அடி விழும் என்று நான் ஒதுங்கி நின்றேன். என் அப்பத்தாவோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படித் தவிட்டைக் கொண்டுவரச் சொல்லி, அதை எண்ணெய் மேல் தூவி, சற்றுப் பொறுத்து வாரி எடுத்து, மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியில் போட்டுவிட்டார். தரை சுத்தமாயிற்று, மாடும் மகிழ்ச்சியோடு தின்றது. கணக்குப் பார்த்தால் நஷ்டம் எண்ணெயின் விலைதான். துடைத்ததற்குச் செலவே இல்லை.

சில மாதங்கள் கழித்து மண்ணெண்ணெய்ப் புட்டி ஒன்று உடைந்தது. நான் கற்ற பாடத்தை மறக்காமல் தவிட்டை எடுக்க ஓடினேன். அப்பத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏய்யா, இதை எந்த மாடு திங்கும்? சாம்பலைக் கொண்டா" என்றார். சாம்பலைத் தூவி வாரியபின், "கொல்லைக் கோடியிலே குழி தோண்டிப் புதை. கிணத்துப் பக்கம் போயிராதே" என்று எச்சரித்தார். மண்வெட்டி பிடித்துக் குழி தோண்ட எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. உள்ளங்கையில் கொப்புளமும் கண்டது. சாம்பல் தவிட்டைவிட மலிவு. ஆயினும் சாம்பலால் துடைத்ததே அதிகச் செலவாயிற்று.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே கல்வி பெற்ற அந்த அம்மையார் கேட்ட கேள்விகள் இரண்டு. எண்ணெயை எது உறிஞ்சும் என்பது முதல் கேள்வி. உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது இரண்டாவது. உலகத்தின் பெரிய நாடுகள் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, இரண்டாவதை மறந்து, கோடிக்கணக்கில் செலவு செய்த கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

செட்டிநாட்டார் கொண்டுவிற்கச் சென்ற பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில், ஏனாங்யாங் என்று ஓர் ஊர் உண்டு. நாற்றநீர் ஓடை என்று அப்பெயருக்குப் பொருள். அங்கே பூமியிலிருந்து இறைத்த எண்ணெயை விற்கவே 1886-ஆம் ஆண்டில் பர்மா எண்ணெய்க் கம்பெனி தோன்றியது. சென்னைத் துறைமுகத்தில் அக்கம்பெனி வைத்திருந்த தொட்டிகளைத்தான் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சுட்டு எரித்தது. அக்காலத்து எண்ணெய்க் கப்பல்கள் சிறியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவை ஆண்டுக்கு ஆண்டு பெருத்தன. ஒரு கப்பல் ஓர் இலட்சம் டன்னுக்கு மேல் சுமக்கலாயிற்று. அத்தகைய கப்பல் ஒன்று உடைந்தால் என்ன செய்வது என்று எவரும் முறையாக ஆராய்ந்து வைத்திருக்கவில்லை.

1967 மார்ச் 18 அன்று அந்தக் கேள்வி நேரில் வந்து நின்றது. டோரி கேன்யன் என்ற கப்பல், குவைத்திலிருந்து ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெயுடன் வரும்போது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பாறைகளில் மோதி உடைந்தது. எண்ணெய் கார்ன்வால் கடற்கரைக்கும், பின்னர் பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கும் சென்றது. பிரிட்டிஷ் அரசு விமானங்களை அனுப்பிக் கப்பலின் மீது குண்டு வீசி, எண்ணெயைக் கொளுத்தவும் முயன்றது. கரையிலும் கடலிலும் சுமார் 10,000 டன் அழுக்கு நீக்கும் இரசாயனம் தெளிக்கப்பட்டது.

இரசாயனம் எண்ணெயை எடுத்துவிடுவதில்லை என்பதை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். அது எண்ணெய்ப் படலத்தை நுண்ணிய துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலக்கச் செய்கிறது. கண்ணுக்கு எண்ணெய் மறைகிறது. கடலுக்குள் அது இருக்கவே செய்கிறது. அன்று பயன்படுத்திய இரசாயனமோ எண்ணெயைவிடக் கொடிய நஞ்சாக இருந்தது. பாறைகளில் ஒட்டி வாழும் நத்தையினங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பிற்காலத்து ஆய்வாளர்கள் அக்கரைகளை ஆண்டுதோறும் சென்று பார்த்தார்கள். இரசாயனம் தெளிக்காமல் விட்ட பாறைக் கரை சில ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிற்று. மிகுதியாகத் தெளித்த கரைகள் மீளப் பத்தாண்டுகளுக்கும் மேலாயிற்று. விலை கொடுத்து வாங்கிய பொருள் நஷ்டத்தைக் குறைக்காமல் பெருக்கியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பிரெஞ்சுக்காரர் வேறு வழிகளை நாடினர். ஏறத்தாழ 3,000 டன் சுண்ணப் பொடியைக் கடலில் தூவி எண்ணெயை அடியில் அமிழ்த்தினர். கரையில் வைக்கோலும் மரத்தூளும் பரப்பி வாரினர். இவை மலிவான பொருள்கள். ஆனால் அமிழ்த்திய எண்ணெய் கடலின் அடித்தளத்தில் வாழும் உயிர்களின் மேல் போய்ப் படியும். இடையில் உள்ள குவெர்ன்சித் தீவினரோ, கரைக்கு வந்த எண்ணெயை வாரி, பயன்படாதிருந்த ஒரு கல்வெட்டாங்குழியில் கொட்டினார்கள். அவ்வேளையில் அது எல்லாவற்றிலும் சிக்கனமான ஏற்பாடாகத் தோன்றியிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பின்பும், 2010-ஆம் ஆண்டு வாக்கில், அந்தக் குழியிலிருந்து எண்ணெயை இறைத்தும் நுண்ணுயிர்களை விட்டுச் சிதைத்தும் அத்தீவின் அரசு செலவு செய்துகொண்டிருந்தது. "கிணத்துப் பக்கம் போயிராதே" என்ற அப்பத்தாவின் சொல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1969 ஜனவரி 28 அன்று, அமெரிக்காவில் சாந்தா பார்பரா என்ற ஊரின் அருகே கடலில் தோண்டிய எண்ணெய்க் கிணறு வெடித்துப் பீறிட்டது. அங்கே பெரிதும் கைகொடுத்தது வைக்கோல்தான். இயந்திரங்களால் வைக்கோலை நீரிலும் மணலிலும் தூவி, எண்ணெய் ஊறியபின் முள்கரண்டிகளாலும் வாருகோல்களாலும் ஆட்கள் வாரி எடுத்து, லாரிகளில் ஏற்றிக் குப்பைமேடுகளுக்கு அனுப்பினர். வைக்கோலின் விலை அற்பம். வாரிய கூலியும் வண்டிச் சத்தமும் அற்பமல்ல.

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் என்ற கப்பல் அலாஸ்காவில் தரைதட்டி, சுமார் 37,000 டன் எண்ணெய் கொட்டியது. அவ்வாண்டுக் கோடையில் பதினோராயிரம் பேருக்கு மேல் அங்கே சுத்திகரிப்பு வேலை செய்தனர். கம்பெனி அவ்வேலைக்குச் செலவிட்டது சுமார் 210 கோடி டாலர். பாறைகளை வெந்நீரைப் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெயிலிருந்து தப்பிய சிற்றுயிர்கள் வெந்நீரில் மாண்டன. வெந்நீர் என்பது விலையில்லாப் பொருள்தானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். அதைச் சூடாக்கிய எரிபொருளும், பீய்ச்சிய கூலியும், மாண்ட உயிரும் சேர்ந்ததே அதன் செலவு.

சரித்திரத்தைச் சற்று நிறுத்திவிட்டு, நாம் கரும்பலகைக்குச் செல்வோம். எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை அறிஞர்கள் மூன்று குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். வைக்கோல், மரத்தூள், தென்னை நார், பஞ்சு, பறவை இறகு முதலியவை இயற்கைக் கரிமப் பொருள்கள். களிமண், எரிமலைச் சாம்பல், மணல் முதலியவை கனிமப் பொருள்கள். பாலிபுரொப்பிலீன், பாலியூரித்தேன் முதலியவை ஆலையில் செய்யும் செயற்கைப் பொருள்கள். அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு தரும் பொதுக் கணக்கின்படி, முதற் குடும்பம் தன் எடையைப்போல் 3 முதல் 15 மடங்கு எண்ணெயைப் பிடிக்கும். இரண்டாவது 4 முதல் 20 மடங்கு. மூன்றாவது 70 மடங்கு வரையிலும் பிடிக்கக்கூடும். பொருளுக்குப் பொருள், எண்ணெய்க்கு எண்ணெய் இந்த அளவு மாறும்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். இதில் வரும் விலைகள் நான் கணக்குக்காகக் கற்பித்துக்கொண்டவை. கடைவீதி விலைகள் அல்ல. 1,000 கிலோ எண்ணெயை எடுக்க வேண்டும். கனிமப் பொடி ஒன்று கிலோ 10 ரூபாய். அது 4 மடங்கு பிடிக்கும். எனவே 250 கிலோ வேண்டும். விலை 2,500 ரூபாய். நல்ல இழைப் பஞ்சு கிலோ 100 ரூபாய். அது 20 மடங்கு பிடிக்கும். 50 கிலோ போதும். விலை 5,000 ரூபாய். இந்த இடத்தில் நிறுத்தினால் பொடியே பாதி விலை. அதையே வாங்கு என்று எவரும் சொல்வர்.

ஆனால் நஞ்சு ஊறிய குப்பையை முறைப்படி அப்புறப்படுத்தக் கிலோவுக்கு 30 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடியும் எண்ணெயும் சேர்ந்து 1,250 கிலோ குப்பை. செலவு 37,500 ரூபாய். பஞ்சும் எண்ணெயும் 1,050 கிலோ. செலவு 31,500 ரூபாய். ஆக மொத்தம் பொடிக்கு 40,000, பஞ்சுக்கு 36,500. கடையில் மலிவாக இருந்தது ஐந்தொகையில் விலை உயர்ந்துவிட்டது!

இன்னும் ஒரு படி மேலே போவோம். பிழிந்து மறுபடியும் பயன்படுத்தக்கூடிய செயற்கை விரிப்பு, கிலோ 200 ரூபாய், 10 மடங்கு பிடிக்கிறது. 25 கிலோ வாங்கினால் ஒரு தடவைக்கு 250 கிலோ எண்ணெய் பிடிக்கும். நான்கு தடவை பயன்படுத்தினால் ஆயிரம் கிலோவும் வந்துவிடும். மூன்று தடவை பிழிந்த 750 கிலோ எண்ணெய் பீப்பாயில் சேர்கிறது. மிஞ்சிய குப்பை 275 கிலோதான். விலை 5,000, அப்புறப்படுத்த 8,250, ஆக 13,250 ரூபாய். பிழியும் ஆளின் கூலியையும் பீப்பாயின் விலையையும் கூட்டினாலும் இது குறைவாகவே நிற்கலாம். பேரேட்டில் ஒரே பக்கத்தைப் பார்த்துக் கணக்கை முடிக்கலாகாது என்று நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் சொல்வதன் உண்மை இதுவே. விலை என்பது வேறு. செலவு என்பது வேறு.

அப்படியானால் செயற்கைப் பொருளே சிறந்ததா என்று கேட்பீர்கள். அதுவும் எண்ணெயிலிருந்து பிறந்ததே, மண்ணில் மக்காது. 2010-ஆம் ஆண்டில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் கிணறு வெடித்தபோது, 97 இலட்சம் அடி நீளம், அதாவது ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர், உறிஞ்சு மிதவைகள் போடப்பட்டன. எண்ணெய் ஊறிய அத்தனையும் பிறகு குப்பையாக வேண்டியதுதான்! ஆகவே அறிஞர்கள் மக்கும் பொருள்களின் பக்கம் மீண்டும் திரும்பினர்.

அவற்றுள் நமக்கு நன்கு அறிமுகமான ஒன்று இலவம் பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பஞ்சை அடைத்த மெத்தை இல்லாமல் செட்டிநாட்டில் கல்யாணச் சீர் வைத்ததுண்டா? அந்த இழையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உள்ளே குழாய்போல் வெறுமையாக இருக்கும். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. ஆதலால் தண்ணீரை அண்டவிடாது; எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். உலகப் போர்களில் மாலுமிகளின் உயிர்காப்பு அங்கிகளில் இதை அடைத்ததும் இக்குணம் பற்றியே. ஆய்வுக்கூடத்தில் தளர்வாக அடைத்த இலவம் பஞ்சு தன் எடையைப்போல் முப்பது, நாற்பது மடங்கு எண்ணெய் பிடித்திருக்கிறது. எருக்கங்காய்ப் பஞ்சின் இனத்தைச் சேர்ந்த இழைகளுக்கும் இக்குணம் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சேஷாத்திரி ராம்குமார் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், நூற்புக்கு உதவாத மட்டமான பருத்தி, தன் எடையைப்போல் முப்பது மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடிக்கும் என்று 2013-இல் காட்டினர். ஆலைக்காரர் தள்ளிவிடும் பஞ்சுக்கு இப்படி ஒரு பயன் உண்டு.

இன்னும் வியப்பான பொருள் தலைமுடி. 1989-இல் அலாஸ்காவில் நீர்நாயின் ரோமத்தில் எண்ணெய் அப்பிக்கிடந்த காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட அலபாமா மாநிலத்து முடிதிருத்துநர் ஒருவர், கடையில் வெட்டி விழுந்த முடியைக் காலுறையில் அடைத்துச் சோதித்துப் பார்த்தார். அவர் கருத்து வீண் போகவில்லை. 2020-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் மொரீசியசுத் தீவின் பவழப்பாறையில் ஏறி, ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கசிந்தது. அத்தீவில் நம் தமிழ் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள் அல்லவா? அங்கே மக்கள் அரசாங்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப் பைகளில் அடைத்துத் தைத்து, காலிப் புட்டிகளைக் கட்டி மிதக்கவிட்டு, நீண்ட மிதவைகள் செய்தார்கள். பலர் தம் தலைமுடியையும் தந்தார்கள். பொருளின் விலை ஏறக்குறையச் சுழி. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த நாள்களின் விலையை மட்டும் எந்த ரசீதிலும் காணமுடியாது.

இந்த இடத்தில் நம் நாட்டுக்கு வருவோம். சாந்தா பார்பரா விபத்து நடந்த அதே ஜனவரி 28 அன்று, சரியாக 48 ஆண்டுகளுக்குப் பின், 2017-இல், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் அதிகாலையில் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. சில நாள்களில் எர்ணாவூர்க் கரையிலும், அதற்குத் தெற்கே மெரினா கடற்கரையிலும் அதற்கப்பாலும் கருமை படர்ந்தது. பின்னர் மதிப்பிட்டபோது, வெளியேறிய உலை எண்ணெய் ஏறத்தாழ 200 டன் என்று தெரிந்தது. டோரி கேன்யனோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய அளவு. ஆனால் உலை எண்ணெய் கடல்நீரோடு கலந்து தார்போல் தடித்துப் பருமன் கூடிவிடுகிறது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளின் குழாய்கள் அதை இழுக்க மாட்டாமல் திணறின. முடிவில் வாளியே கைகொடுத்தது. மீனவர்கள், கடலோரக் காவற்படையினர், கூலியாட்கள், கல்லூரி மாணவர்கள் என ஆயிரக்கணக்கானோர் பாறைகளுக்கிடையே வரிசையாக நின்று, வாளியால் மொண்டு கைமாற்றிக் கரையேற்றினர். அந்தக் கசடு பிறகு குழிகளில் இடப்பட்டு, எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்களைக் கொண்டு பதப்படுத்தப்பட்டது.

அந்த வரிசையில் என் பழைய மாணவன் ஒருவனும் நின்றான். சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவன், மூன்று நாள் வாளி சுமந்துவிட்டு ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தான். நகக்கண்களில் கருமை அப்போதும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்துத்தான் கையைச் சுத்தம் செய்ததாகச் சொன்னான். "ஐயா, எங்களுக்குக் கையுறை தந்தார்கள். பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் அள்ளினார். ஏன் என்று கேட்டேன். கையுறை வழுக்குகிறது, வேலை ஓடவில்லை, சீக்கிரம் முடிந்தால்தான் நாங்கள் கடலுக்குப் போக முடியும் என்றார்" என்று அவன் சொன்னான். நான் பள்ளியில் நெடுங்காலம் சரித்திரம் நடத்தியவன். போர்களின் செலவு, கோட்டைகளின் செலவு எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த மீனவரின் கையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

ஆறாண்டுகளுக்குப் பின் அதே எண்ணூருக்கு மீண்டும் துன்பம் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் பெருமழையோடு, ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் பரவிற்று. வீடுகள், வலைகள், படகுகள், அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் படிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரணையை எடுத்துக்கொண்டது. மிதவைகளும் இயந்திரங்களும் வந்தன. ஆயினும் கழிமுகத்தின் இண்டு இடுக்கில் எல்லாம் மீனவர்களே படகில் சென்று, குவளையாலும் வாளியாலும் மொண்டு பீப்பாய்களில் நிரப்பினர். மாநில அரசு 8 கோடி 68 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வாழ்வாதாரம் இழந்த மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய். படகு ஒன்றைச் சீர்செய்ய 10,000 ரூபாய். உங்களில் கணக்கில் வல்லவர்கள் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எழுதி, அந்தத் தொகை எத்தனை நாள்களுக்கு வரும் என்று போட்டுப் பாருங்கள்.

எண்ணூரில் இலவம் பஞ்சைப் போட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்குமே என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்டவேண்டாம். ஆசிரியன் தனக்குப் பிடித்த விடையை உண்மைக்கு மேல் உயர்த்திச் சொல்லலாகாது. தார்போல் தடித்த எண்ணெய் பஞ்சின் நுண்குழாய்களுக்குள் எளிதில் நுழையாது. அதற்கு வாளியும் மண்வாரியுமே ஏற்றவை. பஞ்சை அப்படியே தூவினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வலைப்பைகளில் அடைத்தே இடவேண்டும். பெரிய அளவில் கொட்டினால் முதலில் மிதவை வேலியிட்டுத் தடுத்து, இயந்திரத்தால் வழித்தெடுக்க வேண்டும். உறிஞ்சு பொருள்கள் கடைசியில் எஞ்சும் மெல்லிய படலத்துக்கும், கரையோரத்துக்கும், உப்பங்கழிகளுக்குமே உரியவை. எந்த எண்ணெய், எந்த இடம், எந்த நேரம் என்று பார்த்துத்தான் பொருளைத் தேரவேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே குளிகை கொடுப்பவன் மருத்துவனல்லன்.

ஆனால் ஒரு செய்தியில் எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விதி உண்டு. எந்தப் பொருளாயினும் எண்ணெய் பரவுமுன் கையில் இருக்கவேண்டும். கடலில் எண்ணெய் மணிக்கு மணி மெலிந்து பரவுகிறது. நீரோடு கலந்து தடிக்கிறது. முதல் நாள் நூறு அடி வேலியால் தடுக்கக்கூடியதைப் பத்தாம் நாள் பல கல் தொலைவு வாளியோடு துரத்த வேண்டியிருக்கிறது. தாமதம் என்பது பேரேட்டில் பெயரின்றி நுழையும் மிகப் பெரிய பற்று. இலவு பழுக்கும் என்று காத்திருந்த கிளியின் கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அந்தப் பஞ்சு வெடித்துப் பறந்துபோகுமுன் பையில் அடைத்துத் துறைமுகக் கிடங்கில் வைத்திருப்பது மனிதனின் வேலை. இந்தியாவில் 1996-ஆம் ஆண்டிலேயே கடலில் எண்ணெய் கொட்டினால் செய்யவேண்டியவற்றுக்குத் தேசியத் திட்டம் வகுத்து, அதன் பொறுப்பைக் கடலோரக் காவற்படையிடம் தந்தார்கள். திட்டம் தாளில் இருப்பதும் பொருள் கிடங்கில் இருப்பதும் ஒன்றல்ல.

செலவு யாருடையது என்ற கேள்விக்கும் சரித்திரம் விடை தந்திருக்கிறது. டோரி கேன்யன் விபத்தின் விளைவாக 1969-இல் நாடுகள் கூடி, எண்ணெய்க் கப்பலின் உரிமையாளரே நஷ்டத்துக்குப் பொறுப்பு என்று உடன்படிக்கை செய்தன. நம் உச்சநீதிமன்றமும் 1996 ஆகஸ்டில், தமிழ்நாட்டுத் தோல் ஆலைகளால் பாலாற்றுப் பகுதி கெட்டதைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசு செய்தவரே செலவைத் தரவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. நல்ல விதி. ஆனால் விதிப்படி செலவைக் கேட்கவேண்டுமானால், செலவு எவ்வளவு என்று எழுதிவைத்திருக்க வேண்டும். வாங்கிய விரிப்புக்கு ரசீது இருக்கிறது. லாரிக்கு ரசீது இருக்கிறது. வெறுங்கையால் அள்ளிய மூன்று நாளுக்கு ரசீது இல்லை. மீன் விற்காமல் திரும்பிய பெண்ணின் கூடைக்கு ரசீது இல்லை. எழுதப்படாத பற்றை எந்த நீதிமன்றம் எவரிடம் வசூலிக்கும்? மலிவான பொருள் என்று நாம் சொல்லும்போது பல சமயங்களில் அதன் பொருள், மீதிச் செலவை ஏழையொருவர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார் என்பதே.

மாணவர்களே! நம் காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் தந்த நிலத்திலும் பொருளிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் திறக்கப்பட்டது. விஞ்ஞானம் நம் வீட்டு வாசலுக்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உங்களில் சிலர் நாளை இதனினும் நல்ல உறிஞ்சு பொருளைக் கண்டுபிடிக்கலாம். அப்போது அதன் விலையை எழுதும் ஏட்டில் மூன்று வரிகளைச் சேர்த்து எழுதுங்கள்: உறிஞ்சியபின் அது எங்கே போகிறது, அதை வாரும் கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன கூலி கிடைத்தது.

மண்ணெண்ணெய்ச் சாம்பலைப் புதைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அப்பத்தா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். கொப்புளத்தில் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, அன்றிரவு எனக்குச் சீயம் ஒன்று கூடுதலாகத் தந்தார். கூலியைக் கணக்கில் சேர்க்க மறக்காத அந்தக் கையை நான் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.